பறவைகளுக்குப் பின்னால் ஒரு நீலக் கதவு

அன்பு மகனுக்கு உன் உம்மா எழுதுவது. உனக்கு அல்லாஹ்வின் சாந்தி உண்டாகட்டும். இந்தக் கடிதம் உன் கைக்கு வந்து சேரும் நேரத்தில் உன் இரண்டு கால்களும் மண் தரையில் இருக்கட்டும். சலாம் சொல்லி, நலம் விசாரித்து, கோலா சிலாங்கூர்ச் செய்தி நாலு எழுதிவிட்டுப் பிறகு விஷயத்துக்கு வருவதுதான் என் வழக்கம். இந்த முறை அப்படி முடியவில்லை. செவ்வாய்க்கிழமை தொலைபேசியில் நாம் பேசிக்கொண்டிருக்கும்போதே தொடர்பு அறுந்துபோனது. நீ சிரித்துக்கொண்டிருந்தாய். நான் பதில் சொல்ல வாயெடுத்தேன், காதில் வெறும் இரைச்சல்தான் கேட்டது. அந்தப் பதில் இன்னும் சொல்லாமலே கிடக்கிறது. அதை எழுதித் தீர்க்கத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நீண்டுபோகும், பொறுத்துக்கொள். உன்னோடு அந்த வீட்டில் தங்கியிருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டு. அவர்களுடைய தாய்மார்களும் இதைத்தான் எழுதியிருப்பார்கள், விஷயம் தெரிந்திருந்தால்.

நீ அனுப்பிய படம் வந்த அன்று உன் வாப்பாவைப் பார்த்திருக்க வேண்டும். உறையைப் பிரித்தவர் கடைக்கு நடுவிலேயே நின்றுவிட்டார். பனி விழுந்த காலை, வெள்ளை வெளேரென்று ஏரி, நடுவில் கொஞ்சம் கறுப்புத் தண்ணீர், அதைச் சுற்றிப் பெரிய பெரிய காட்டு வாத்துகள். முன்னால் நிற்கிற வாத்தின் மூக்கில் ஒரு துளி தண்ணீர் உறைந்து தொங்குகிறது. அதன் கண்ணில் வெளிச்சம் தெரிகிறது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நானும் அசந்துதான் போனேன். படைத்தவன் ஒரு வாத்தின் கண்ணுக்கு இவ்வளவு வேலை பார்த்திருக்கிறானா என்று சுபுஹானல்லாஹ் சொன்னேன். உன் வாப்பா அதை அன்றைக்கே சட்டம் போட்டுத் தராசுக்கு மேலே மாட்டிவிட்டார். சீனி வாங்க வந்தவரையும் விடவில்லை, மண்ணெண்ணெய் வாங்க வந்தவரையும் விடவில்லை. தோட்டத்திலிருந்து வருகிற அஞ்சலை அக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டு வெகுநேரம் பார்த்தாள்.

"ஏன் பாய், வாத்துங்க பஞ்சு மேலயா நிக்குது?"

"பஞ்சு இல்லம்மா, பனி. என் மவன் எடுத்தது. கனடாவுல."

"பனின்னா ஐஸு தானே? இவ்ளோ ஐஸுக்கு நடுவுல புள்ளய விட்டுட்டு நீங்க எப்படித்தான் கண்ண மூடித் தூங்குறீங்களோ!"

"அவன் என்ன ஐஸு மேலயா நிக்கிறான்? கரையில நின்னு எடுத்துருக்கான். எழுதியிருக்கான் லா."

நான் திரைக்கு உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். அதுவரைக்கும் எனக்கும் சந்தேகமில்லை. நீதான் எழுதியிருந்தாயே, எங்கள் வீட்டுக்கு முன்னால் கரையில் நின்று எடுத்தது என்று. ஆனால் உன் உம்மாவை உனக்குத் தெரியும். கடைக் கணக்கை இருபது வருஷமாக நான்தான் பார்க்கிறேன். பள்ளிக்கூடம் போகாமல், பிஸ்கட் தகரத்தில் இருந்த எழுத்துகளைப் பார்த்துப் படித்தவள் நான். எதையும் ஒரு தடவை பார்த்துவிட்டு விடுகிற பழக்கம் எனக்கு வரவில்லை. கடை சாத்திய பிறகு தராசைத் துடைக்கும்போது படத்தை நிதானமாகப் பார்த்தேன். வாத்துகளுக்குப் பின்னால், மங்கலாக, ஒரு வரிசை வீடு. அதில் ஒன்றுக்கு நீலக் கதவு.

நீ போன புதிதில் அனுப்பிய படத்தை எடுத்து வந்தேன். நீயும் உன் சிநேகிதர்களும் வீட்டு வாசலில் நிற்கிற படம். பின்னால் அதே நீலக் கதவு. கதவைத் திறந்தால் எதிரே ஏரி என்று அப்போது எழுதியிருந்தாய். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். வீட்டு முன்னால் கரையில் நின்று ஏரியைப் படம் எடுத்தால், வீடு உன் முதுகுக்குப் பின்னால் அல்லவா இருக்க வேண்டும்? வாத்துகளுக்குப் பின்னால் வீடு எப்படி வரும்? கணக்கு இடித்தது. திரும்பத் திரும்பப் பார்த்தேன், இடித்துக்கொண்டே இருந்தது. வீட்டுப் பக்கம் முகத்தை வைத்துத்தான் நீ எடுத்திருக்கிறாய். அப்படியானால் உன் முதுகுக்குப் பின்னால் இருந்தது ஏரி. உன் காலுக்குக் கீழே இருந்ததும் ஏரி. வாத்தின் கண் உன் கண்ணுக்கு நேராக இருப்பதால், நீ நிற்கக்கூட இல்லை, வயிற்றை வைத்துப் படுத்திருக்கிறாய். துடைத்த துணியைத் தராசுத் தட்டிலேயே போட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

உன் வாப்பாவிடம் சொல்லவில்லை. கடைத் தொலைபேசியில் பேசினால் அவருக்குக் கேட்கும் என்றுதான் பக்கத்து மருந்துக் கடைச் சீனத்தியிடம் கெஞ்சி, அங்கிருந்து உன்னைக் கூப்பிட்டேன். நீ தூக்கக் கலக்கத்தில், "உம்மா, யாருக்கு என்ன?" என்று பதறினாய். "யாருக்கும் ஒண்ணுமில்ல, நீ எங்க நின்னு அந்தப் படத்த எடுத்தே?" என்று கேட்டேன்.

"அது வந்து... கரைக்குப் பக்கம்தான் உம்மா."

"வீடு எதுக்குத் தெரியுது அப்போ?"

"ஐயோ, உங்க கண்ணு இருக்கே! சரி, கொஞ்சம் உள்ளதான் போனேன். இங்க எல்லாரும் போறாங்க. ஐஸ் மேல லோரியே ஓடுது லா!"

"மவனே, இன்னொரு தரம் போவாதே."

"இன்னும் ஒரே ஒரு படம் உம்மா. அடுத்த மாசம் வெயில் வந்துரும், அதுக்கு முன்னாடி இன்னும் நிறைய வாத்து வரும். கிட்டப் போனாத்தான் கண்ணு தெரியும்..."

அதோடு அறுந்துபோனது. சீனத்தி என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு கோப்பை தேநீர் கொண்டுவந்து வைத்தாள். காசு கொடுத்ததற்கு வாங்கவே மாட்டேன் என்றுவிட்டாள்.

அன்றிலிருந்து எனக்கு இரவு இஷா நேரம்தான் பெரும்பாடு. நான் இங்கே தொழுகைக்குப் பாய் விரிக்கிற நேரத்தில் உனக்கு அங்கே விடிகிறது. நீ கேமராவை மாட்டிக்கொண்டு நீலக் கதவைத் திறக்கிற நேரம். தக்பீர் கட்டி நிற்கிறேன், ஓதுகிற சூராவில் இடையில் நின்றுவிடுகிறேன். என் நெற்றி தரையில் படும்போது அடியில் சிமெண்டு சில்லென்று இருக்கிறது. உன் நெஞ்சுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று அந்த இடத்திலேயே நினைப்பு ஓடுகிறது. ஸஜ்தாவில் இப்படி நினைப்பது பிழை என்று தெரிகிறது. மனசு கேட்டால்தானே!

இன்னொன்றும் செய்தேன், சிரிக்காதே. ஜெராமிலிருந்து வருகிற மீன் லோரிக்காரரிடம் ஒரு பெரிய ஐஸ் கட்டி வாங்கினேன். மேலே ஒட்டியிருந்த மரத்தூளைக் கழுவிவிட்டு, அண்டாவில் தண்ணீர் நிரப்பி அதில் மிதக்கவிட்டேன். குழாயை லேசாகத் திறந்து, ஓரத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்படி வைத்தேன். உன் வாப்பா எட்டிப் பார்த்து, "என்ன புள்ள, வீட்டுல கந்தூரியா? இவ்வளவு ஐஸு?" என்றார். சர்பத் கலக்கப் போகிறேன் என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். பிறகு உட்கார்ந்து பார்த்தேன். மேலே பார்த்தால் கட்டி அப்படியே கண்ணாடி போல இருந்தது. கையை அடியில் விட்டுத் தடவினால், தண்ணீர் ஓடுகிற பக்கம் முழுக்கக் குடைந்து போயிருந்தது. மேலிருந்து ஒரு விரலால் அழுத்தினேன். மளுக்கென்று உள்ளே போய்விட்டது. அப்புறம் சொன்ன பொய்க்காக ஒரு அண்டா சர்பத் கலக்க வேண்டி வந்தது. கடைக்கு வந்தவர்கள் எல்லாரும் குடித்துவிட்டு உனக்காக துஆ செய்துவிட்டுப் போனார்கள், எதற்கென்று தெரியாமலே.

உனக்கு உன் சாச்சாவின் ஜெராம் கதை தெரியும். பெருநாளுக்குப் பெருநாள் அவர் வாயாலேயே கேட்டுச் சிரித்திருக்கிறாய். சேற்றில் புதைந்த மாப்பிள்ளை என்று அவரை எல்லோரும் கேலி செய்வார்கள். அந்தக் கதையில் அவர் சொல்லாமல் விடுகிற பகுதி ஒன்று உண்டு. அன்றைக்கு நீ என் இடுப்பில் இருந்த கைக்குழந்தை. உனக்கு நினைவிருக்க வழியில்லை. இப்போது நான் சொல்கிறேன்.

சாச்சா அப்போது பத்தாங் பெர்ஜுந்தாயில் கடை போட்டிருந்த புதிது. ஈயம் தோண்டின குட்டைகளுக்கு நடுவில் இருக்கிற ஊர் அது. குட்டை ஓரமெல்லாம் வெள்ளை மணல், காலை வைத்தால் சாலை மாதிரி கெட்டியாக இருக்கும். அங்கே கொக்கு எங்கே நிற்கிறதோ அங்கே ஆளும் தைரியமாக நிற்கலாம், தண்ணீர் ஆழமில்லை என்று அர்த்தம். அந்தப் பழக்கத்தோடு அவர் பெருநாளுக்கு இங்கே வந்தார். கழுத்தில் புதுக் கேமரா. எல்லாருமாக ஜெராம் கடற்கரைக்குப் போனோம். கடல் வற்றி, கண்ணுக்கெட்டின தூரம் சேறு. நடுவில் வெள்ளை வெள்ளையாகக் கொக்குகள். அதற்கு அப்பால் சின்னச் சின்னப் பறவைகள், ஆயிரக்கணக்கில், குளிர் தேசத்திலிருந்து வந்தவை.

"காக்கா, கொக்கு நிக்கிது பாரு. அப்ப தரை கெட்டிதான். கிட்டப் போய் ஒண்ணு எடுத்துட்டு வந்துர்றேன்" என்று அண்ணனான உன் வாப்பாவிடம் சொன்னார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தம்பி, கால்ல புதுச் சப்பாத்து, கழட்டி வச்சுட்டுப் போங்க" என்றேன். அவ்வளவுதான் எனக்குத் தோன்றியது.

முதலில் கணுக்கால் வரை இறங்கியது. திரும்பிப் பார்த்துக் கையாட்டினார். பிறகு முழங்கால். கொக்கு பறந்து இன்னும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தது, இவரும் கொஞ்சம் தள்ளிப் போனார். படத்தை எடுத்துவிட்டுத் திரும்பலாம் என்று காலைத் தூக்கியபோது கால் வரவில்லை. ஒரு காலை இழுத்தால் மற்றக் கால் தொடை வரைக்கும் இறங்கியது. அப்போதும் சிரித்தார். "காக்கா, சேறு பிடிச்சுக்கிச்சு!" என்று கத்தினார். நாங்களும் சிரித்தோம். அங்கே சிப்பி பொறுக்கிக்கொண்டு கரை ஏறிய ஒரு மலாய்க்கார அம்மாதான் சிரிக்கவில்லை. கையை நீட்டிக் காட்டினாள். கடல் எதிரிலிருந்து அலையாக வரும் என்றுதானே நாம் பார்த்துக்கொண்டிருப்போம்? அது அப்படி வரவில்லை. சேற்றில் இருக்கிற சின்ன ஓடைகள் வழியாக, சத்தமே இல்லாமல், அவருக்கும் எங்களுக்கும் நடுவில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

சிப்பி பொறுக்குகிறவர்கள் சேற்றில் நடப்பதில்லை. ஒரு நீளப் பலகையைப் போட்டு, அதில் ஒரு முழங்காலை ஊன்றி, மற்றக் காலால் தள்ளித் தள்ளி வழுக்கிக்கொண்டு போவார்கள். அந்த அம்மாவின் பலகையை உன் வாப்பா கேட்கக்கூட இல்லாமல் பிடுங்கிக்கொண்டு ஓடினார். அவருக்கு அந்த வித்தை தெரியாது. இரண்டு தரம் கவிழ்ந்தார். எழுந்து முகமெல்லாம் சேறாக மறுபடி தள்ளினார். அந்த அம்மா கரையிலிருந்து தொண்டை கிழியக் கத்தினாள்: "ஜாங்கான் கெராக்! பாரிங்! பாரிங்!" அசையாதே, படு, படு என்று. உன் வாப்பா, "கேமராவத் தூக்கிப் போட்டுட்டுப் படுடா!" என்று கத்தினார். உன் சாச்சா கேமராவை இரண்டு கையாலும் தலைக்கு மேலே பிடித்திருந்தார். விடவில்லை. தண்ணீர் இடுப்புக்கு வந்தது, நெஞ்சுக்கு வந்தது. நான் உன்னை அணைத்துக்கொண்டு ஆயத்துல் குர்ஸி ஓதினேன். எத்தனை தரம் மனப்பாடமாக ஓதியிருப்பேன், அன்று பாதியில் மறந்துவிட்டது. திரும்ப முதலிலிருந்து தொடங்கினேன், திரும்ப மறந்தது. என் கண் முன்னால் அந்தச் சேற்றில் என் குடும்பத்து ஆண்கள் இருவரும். என் இடுப்பில் நீ.

சாச்சா சொல்லாமல் விடுகிற பகுதி இதுதான். உன் வாப்பாவே பிறகு ஒரு நாள், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு என்னிடம் சொன்னது. பலகை அவர் பக்கத்தில் போய்ச் சேர்ந்தபோது உன் சாச்சா சிரிப்பை நிறுத்திவிட்டாராம். பல் கிட்டிக்கொண்டு, மெதுவாகச் சொன்னாராம்: "காக்கா, நீ திரும்பிப் போயிரு. மச்சி தனியா நிக்கிறா, புள்ளயோட." உன் வாப்பா அவர் சட்டைக் காலரைப் பிடித்துப் பலகை மேலே குப்புறத் தள்ளினார். ஏறிவந்த தண்ணீரே சேற்றைக் கொஞ்சம் இளக்கிவிட்டது. அதனால்தான் கால் வந்தது. இன்னும் சற்றுத் தாமதித்திருந்தால் என்று அதற்கு மேல் நான் யோசிப்பதில்லை.

கேமராவும் பிழைத்தது. அந்தப் படமும் வந்தது. இப்போதும் சாச்சாவின் கடையில் மாட்டியிருக்கிறது, நீ பார்த்திருக்கிறாய். ஈய விலை விழுந்து அந்தப் பக்கம் ஆள் நடமாட்டமே குறைந்துபோன இந்த நாளிலும், வருகிற நாலு பேர் நின்று, "என்ன அழகு பாய்" என்று சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள். கொக்கு, வெயில், பளபளக்கிற சேறு. எடுத்தவர் எதில் நின்றார் என்று அந்தப் படத்தில் எங்கேயும் இல்லை. அதனால்தான் நான் அதை நிமிர்ந்து பார்ப்பதே கிடையாது. இப்போது தராசுக்கு மேலேயும் அப்படி ஒன்று வந்துவிட்டது. நான் அங்கே போகும்போது தலையைக் குனிந்துகொண்டு போகிறேன்.

தொலைபேசியில் நான் சொல்ல நினைத்தது இதுதான். அந்தக் கொக்குகள் ஏன் அங்கே நின்றன என்று பிறகுதான் அந்த மலாய்க்கார அம்மா எங்களுக்குச் சொன்னாள். சேறு எங்கே ரொம்ப இளகியிருக்கிறதோ அங்கேதான் புழு இருக்கும், புழு இருக்கிற இடத்தில்தான் பறவை கூடும். அவற்றைப் பார்த்து நடக்கிறவன் நேரே மோசமான இடத்துக்குத்தான் போவான். நீயே எழுதியிருக்கிறாய், ஏரி முழுக்க உறைந்தாலும் நடுவில் ஓரிடம் உறையாமல் கிடக்கும், வாத்துகள் அங்கேதான் கூடும் என்று. அங்கே ஏன் உறையவில்லை? அடியில் ஏதோ ஓடுகிறது, என் அண்டாவில் ஓடிய மாதிரி. வாத்து நிற்கிற இடம்தான் அந்த ஏரியிலேயே மெல்லிய இடம். லோரி ஓடுகிறது என்கிறாயே மகனே, லோரிக்காரன் வாத்தைத் தேடிக்கொண்டா ஓட்டுகிறான்? வெயில் வருவதற்கு முன் என்கிறாய். மேலே வெயில் வருவதற்கு முன்னாலேயே அடியில் கரையத் தொடங்கியிருக்கும். வாத்துக்குச் சிறகு இருக்கிறது. உடைந்தால் எழுந்து பறந்துவிடும்.

போகக் கூடாது என்று ஆணையிட்டு எழுதலாம் என்றுதான் முதலில் உட்கார்ந்தேன். எழுதினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நீ போவாய், அடுத்த படத்தில் வீடு தெரியாமல் பார்த்துக்கொள்வாய். நான் தராசுக்கு மேலே தேடுவதற்குக்கூட ஒன்றும் இருக்காது. வாப்பாவிடம் சொல்லிக் கண்டிக்கச் சொல்லலாம். அவர் சேற்றிலிருந்து ஒரு தம்பியை இழுத்து வந்தவர். கைக்கு எட்டாத தூரத்தில் மகன் இருக்கிறான் என்று தெரிந்தால் அவரால் தாங்க முடியாது. படுத்தபடியே நகர்ந்து வா, இடுப்பில் கயிறு கட்டிக் கரையில் ஒருவனை நிறுத்து, பலகை கொண்டு போ என்று ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். படித்தால் போகச் சொல்கிற மாதிரி இருந்தது, கிழித்துப்போட்டேன். கிழித்த பிறகு, ஒருவேளை போய்விட்டால் என்று பயம் வந்து, இதோ இங்கே திரும்ப எழுதிவிட்டேன். என் பயத்துக்கு ஒரு ஒழுங்கு கிடையாது மகனே, மன்னித்துக்கொள். துஆ கேட்பது என் பொறுப்பு, அதில் நான் குறை வைக்க மாட்டேன். கரையில் நிற்பது உன் பொறுப்பு.

படம் எடுப்பதை விடச் சொல்லவில்லை. உன் கண் நல்ல கண், அது அல்லாஹ் கொடுத்தது. எனக்காக ஒரு படம் எடு. மோசமான படமாக இருக்கட்டும். கரையில் நின்று எடு, கரையும் படத்தில் தெரிய வேண்டும், புல்லோ கல்லோ உன் சப்பாத்தின் முனையோ ஏதாவது ஒன்று கீழ் ஓரத்தில் பதிந்திருக்க வேண்டும். வாத்துகள் தூரத்தில், மிளகு சிந்தின மாதிரி இருந்தால் போதும். இந்தக் கடிதம் உனக்குக் கிடைத்த மறுநாளே எடுத்து அனுப்பு. தராசுக்கு மேலே இருப்பதைக் கழற்றிவிட்டு அதைத்தான் மாட்டச் சொல்வேன். உன் வாப்பா முணுமுணுப்பார். அஞ்சலை அக்கா வந்து, "பாய், இதுல வாத்து எங்க?" என்று கேட்பாள். கேட்கட்டும், எல்லோரும் கண்ணைச் சுருக்கித் தேடட்டும். நீ எங்கே நின்றாய் என்று எனக்குத் தெரிந்தால் போதும்.

உன் உம்மா